விசில் டீச்சரின் முன்பல்

துருவி என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிச் சான்றிதழில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அது சான்றிதழோடு நின்றுவிட்டது. பேச்சு வந்த நாள் முதல் "ஏன் இப்படி?", "உள்ளே என்ன இருக்கு?" என்று எதையும் துருவித் துருவிக் கேட்டதால் அண்ணன் வைத்த பெயர் இது. ஒருமுறை வாசல் பூட்டைத் திருகாணி கழற்றிப் பிரித்துப் பார்த்துவிட்டு, மறுபடி பூட்டத் தெரியாமல், குடும்பத்தையே தெருவில் நிற்க வைத்தாள். கல்யாணமாகிப் போன இடத்துக்கும் அந்தப் பெயர் பெட்டி படுக்கையோடு கூடவே வந்து சேர்ந்தது.

பல் டாக்டர்களுக்குப் பல் செய்து கொடுக்கும் ஒரு லேபில் அவளுக்கு வேலை. ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஒருவர் ஏறினால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய படிக்கட்டு. மேலே இரண்டு அறைகள். முதல் அறையில் பிளாஸ்டர் கலந்து அச்சு வார்ப்பார்கள். உள்ளே போய் வந்தால் செருப்பும் புருவமும் வெள்ளையாகிவிடும். இரண்டாவது அறை துருவியுடையது. ஜன்னலோரம் ஒரு மேசை, விளக்கு, தூரிகைகள், பீங்கான் பொடி டப்பாக்கள், ஹெல்மெட் அளவுக்கு ஒரு மின்சார உலை.

அவள் அங்கே சேர்ந்தது டெலிபோன் எடுக்கவும் கணக்கு எழுதவும்தான். சேர்ந்த புதிதில் ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்து, "பல்லு வெள்ளைதானே, அப்புறம் எதுக்கு சார் இத்தன கலர் டப்பா?" என்று கேட்டுவிட்டாள். லேப் முதலாளி சிரித்துக்கொண்டே கண்ணாடியை எடுத்து நீட்டினார். "உன் பல்லையே பாரு. வெள்ளைன்னு யாரு சொன்னா?" பார்த்தாள். ஈறு ஓரத்தில் லேசான மஞ்சள், நடுவில் பால் நிறம், நுனியில் நீலம் கலந்த கண்ணாடி மாதிரி ஒரு கீற்று. இத்தனை வருஷமாகத் தன் வாய்க்குள்ளேயே இருந்த சமாச்சாரம் தனக்கே தெரியாமல் இருந்திருக்கிறதே என்று அவளுக்கு வாய் மூடவில்லை. அதற்குப் பிறகு டெலிபோன் பக்கம் அவள் போகவே இல்லை.

பீங்கான் வேலை அவளுக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. பொடியைத் திரவத்தில் குழைத்து, தூரிகை நுனியில் எடுத்து, அச்சின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக அப்ப வேண்டும். அச்சை மெதுவாகத் தட்டினால் ஈரம் மேலே வரும். அதை மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுக்க வேண்டும். வேகும்போது சுருங்கும் என்பதால் பெரிதாகவே கட்ட வேண்டும். உலைக்குப் போகும்போது குதிரைப் பல் மாதிரி இருப்பது, வெளியே வரும்போது மனுஷப் பல்லாக வரும். உலைக்குள் இருக்கும் காற்றை ஒரு பம்ப் உறிஞ்சி எடுத்துவிடும். "ஏன் சார்?" என்று அதையும் கேட்டாள். உள்ளே காற்றுக்குமிழ் தங்கினால் அந்த இடம் பலவீனமாகிவிடும் என்றார் முதலாளி. அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. வேலை ஓடினால் போதும் என்பது அவர் கட்சி.

துருவியின் நாத்தனார் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கணவருக்கு மூத்தவர். தம்பி வீட்டுக்குப் பின்தெருவிலேயே குடியிருந்தார். கணீரென்ற குரல், போதாததற்குக் கழுத்தில் எந்நேரமும் ஒரு இரும்பு விசில். பிள்ளைகளுக்கு அவர் விசில் டீச்சர். மைதானத்தில் ஊதினால் பக்கத்துச் சாலையில் போகிற சைக்கிள்காரர்களும் பிரேக் பிடிப்பார்கள் என்று துருவியின் கணவர் சொல்லுவார்.

ஒருநாள் கைப்பந்து ஆட்டத்தில், எதிர்த் திசையிலிருந்து அறைந்து வந்த பந்து நேராக விசில் டீச்சர் முகத்தில் மோதியது. மேல்வரிசை முன்பல்லில் பாதி உடைந்துவிட்டது.

"பல்லுதான் பாதி போச்சு. வாய் முழுசா இருக்கு, கவலப்படாதீங்க" என்று தம்பி ஊரெல்லாம் சொன்னார்.

பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, வேர் நன்றாக இருக்கிறது, மிச்சப் பல்லைச் செதுக்கி மேலே ஒரு பீங்கான் கேப் போட்டுவிடலாம் என்றார். அந்த டாக்டருக்குப் பல் செய்து கொடுப்பதே துருவியின் லேப்தான்.

"வேற யாரும் தொடக்கூடாது. நீதான் செய்யணும்" என்று நாத்தனார் உத்தரவு போட்டார்.

துருவி செய்தாள். அதுவரை அவள் செய்த எந்தப் பல்லுக்கும் உரிய முகத்தைப் பார்த்ததில்லை; அச்சும் நிறக் குறிப்பும்தான் வரும். இந்த முறை ஆளே எதிரில். நாத்தனார் பேசும்போதெல்லாம் பக்கத்துப் பல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், மூஞ்சியப் பாத்துப் பேசு. எதுக்கு வாய்க்குள்ளயே பாக்கற?"

"அண்ணி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. அந்த நுனியில ஒரு கோடு இருக்கு, அது வெயில்லதான் தெரியுது."

கேப் பொருத்தியதும் எது சொந்தம், எது செய்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆசிரியர் அறையில் எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்து, "எது டூப்ளிகேட், சொல்லுங்க பாப்போம்" என்று விசில் டீச்சர் போட்டியே நடத்தினாராம்.

சில மாதங்கள்தான். ஒரு மாலை, பள்ளி மைதானத்தில் ஏதோ தப்பாட்டத்துக்காக விசிலை வாயில் வைத்து ஊதினார். சத்தத்துக்குப் பதிலாகப் "புஸ்" என்று காற்று வந்தது. உள்ளங்கையில் நகத்துண்டு மாதிரி ஒரு பீங்கான் சில்லு. பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார்கள். டீச்சர் அங்கிருந்து நேராகத் தம்பி வீட்டுக்கு வந்து, கைக்குட்டையைப் பிரித்து மேசையில் வைத்தார்.

"இந்தா, உன் சாமான்."

துருவிக்கு முகம் சுண்டிப் போயிற்று. சொந்தக்காரருக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்தது. வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும், கை அந்தச் சில்லை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துவிட்டது.

மறுநாள் முதலாளியிடம் சொன்னபோது, "இதுல என்ன யோசனை? உள்ள மெட்டல் வெச்சு, மேல பீங்கான் பூசிடு. கல்லு மாதிரி நிக்கும்" என்றார். அதில் பொய் இல்லை. உலோகத் தகட்டின் மேல் உருகி ஒட்டிய பீங்கான் அவ்வளவு லேசில் விரியாது. ஆனால் உலோகம் வெளிச்சத்தை உள்ளே விடாது. பல் சுவர் மாதிரி தெரியும், ஈறோரம் சாம்பல் கோடு விழும். நாத்தனாரிடம் கேட்டுப் பார்த்தாள்.

"நான் பல்லு கேட்டேன். பீரங்கி கேக்கல" என்று முடித்துவிட்டார்.

உடைந்த துண்டை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குப்பையில் போட்டுவிட்டுப் புதிது செய்வதுதான் வழக்கம். துருவி டாக்டரம்மாவிடம் போய், பல்லில் ஒட்டியிருந்த மிச்சத்தையும் பத்திரமாக எடுத்துத் தரச் சொல்லி வாங்கி வந்தாள். பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள். உடைந்த பக்கம் வெறும் தட்டையாக இல்லை. ஒரு மூலையில் கண்ணாடி போல வழவழப்பான சின்னத் திட்டு. அதிலிருந்து விசிறி விரிந்த மாதிரி மெல்லிய கோடுகள்.

இந்த விசிறியை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். அன்று சாயங்காலம் கணவருடைய கடைக்குப் போனதும் புரிந்துவிட்டது. கார், லாரிகளுக்குக் கண்ணாடி மாற்றுவது அவர் தொழில். கடைச் சுவரெல்லாம் உடைந்த கண்ணாடிகள் சாய்ந்து நின்றன.

"கல்லு எங்க பட்டுதுன்னு எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?"

"கோட்டப் புடிச்சு பின்னாடியே போனா அது பொறந்த எடம் வந்துடும். கண்ணாடியே காட்டிக் குடுத்துடும்."

பூதக்கண்ணாடியில் பார்த்ததை மனத்துக்குள் பின்னாலேயே பிடித்துக்கொண்டு போனாள். கோடுகள் பிறந்த இடம் கேப்பின் வெளிப்பக்கம் இல்லை. கடிபடுகிற பக்கமும் இல்லை. உள்பக்கம். பல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும், யார் கண்ணிலும் படாத உள்பக்கம்.

அடி விழுவது வெளியே, விரிசல் ஆரம்பிப்பது உள்ளே. இது அவளைப் படாதபாடு படுத்தியது. அரிசி களையும்போது அதே நினைப்பு, பஸ்ஸில் நிற்கும்போது அதே நினைப்பு. கடைசியில் டாக்டரம்மாவிடமே போனாள். அவர் நோயாளிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் காபி குடித்துக்கொண்டிருந்தார். வேகமாகப் பேசுகிற, வேகமாகச் சிரிக்கிற பெண்மணி. ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து இரண்டு கையாலும் வளைத்துக் காட்டினார்.

"மேல அமுக்கறேன். மேல் பக்கம் நெருங்குது, கீழ் பக்கம் இழுபடுது. பாத்தீங்களா? பீங்கான எவ்வளவு வேணா அமுக்கலாம், தாங்கும். இழுத்தாதான் ஆகாது. இழுபடற எடத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தா போதும், அதுல தொடங்கிடும்."

"அப்ப அந்தக் கீறல் வாய் திறக்காம இருக்க வெச்சுட்டா?"

டாக்டரம்மா காபியைக் கீழே வைத்தார். "நல்ல கேள்வி. வழி இருக்கு. ஒரு பசை வருது, தெரியுமா?"

பீங்கான் பொடி விற்க வரும் கம்பெனி ஆள் எப்போதோ அந்தப் பசையைப் பற்றிச் சொன்னது துருவிக்கு ஞாபகம் வந்தது. பொட்டாசியம் உப்பு கலந்த பசை. முடிந்த கேப்பின் உள்பக்கம் பூசி, பீங்கான் இளகாத மிதமான சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து, பிறகு கழுவிவிட வேண்டும். அதனால் என்ன ஆகும் என்று மட்டும் கம்பெனி ஆளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"பீங்கானோட மேல் தோல்ல சோடியம்னு ஒருத்தன் உக்காந்திருக்கான், சின்ன ஆளு" என்றார் டாக்டரம்மா. "பசையில இருக்கறவன் பொட்டாசியம், பெரிய ஆளு. சூடு பண்ணா சின்னவன் எழுந்து போயிடுவான். பெரியவன் அந்த சீட்ல வந்து உக்காருவான்."

"எடம் பத்தாதே டாக்டர்?"

"அதுதான் வேணும். பஸ்ல ரெண்டு பேர் சீட்ல மூணு குண்டு ஆளுங்க உக்காந்த மாதிரி. இடிச்சுக்கிட்டு உக்காந்தா யாரும் அசைய முடியாது. அந்தத் தோல் எப்பவும் அமுங்கியே இருக்கும். விரிசல் விழணும்னா முதல்ல அந்த நெருக்கத்தத் தாண்டணும்."

துருவி அன்று படியிறங்கவில்லை, பறந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் சொன்னபோது கணவர் அலட்சியமாகத் தலையாட்டினார். கார்க் கதவில் இருக்கும் கண்ணாடிக்கும் அதே கதைதானாம். நன்றாகச் சூடாக்கிச் சட்டென்று குளிர்காற்று அடித்தால், வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகு சுருங்கும்போது தோலை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். "எங்க ஆளுங்க காத்த அடிச்சு செய்யறத, உங்க ஆளுங்க பசை தடவி செய்யறாங்க. அவ்வளவுதான்."

நம்புவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. லேபில் மிஞ்சிய பொடியைக் குழைத்து, தீக்குச்சி அளவில் பீங்கான் குச்சிகள் சுட்டு எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறை மேடை அவளுடைய சோதனைக் கூடமாயிற்று. இரண்டு இரும்புக் கம்பிகளுக்கு மேல் குச்சியைப் பாலம் போல வைத்து, நடுவில் நூலில் ஒரு காலி பாட்டிலைத் தொங்கவிட்டு, மெதுவாகத் தண்ணீர் ஊற்றுவாள். "டிக்" என்று குச்சி உடைந்ததும் பாட்டிலில் தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பாள். கீறல் விழுந்த பக்கம் கீழே இருந்தால், பாட்டிலின் அடியில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்ததுமே குச்சி உடைந்துவிட்டது. வழவழவென்று மெருகேற்றிய குச்சி பாதி பாட்டில் தாங்கியது. பசை பூசிச் சூடாக்கிய குச்சியோ, பாட்டில் கழுத்து வரைக்கும் நிரம்பியும் அசையாமல் நின்றது.

"இன்னிக்குச் சாப்பாடு உண்டா, இல்ல குச்சிதானா?" என்று உள்ளேயிருந்து கணவர் குரல் கேட்டது.

நாத்தனாருக்கு இரண்டாவது கேப்பை அவள் அந்த முறையில்தான் செய்தாள். உள்பக்கம் முழுக்கப் பசை பூசி, சூடேற்றி, கழுவி, பஞ்சில் வைத்து அனுப்பினாள். இனி இது பேரப்பிள்ளை காலம் வரை இருக்கும் என்று மனசுக்குள் ஒரு மிதப்பு.

அதுவும் உடைந்தது. முதல் கேப் இருந்த அளவுக்குக் கூட இது நிற்கவில்லை.

இந்த முறை நாத்தனார் கத்தவில்லை. அதுதான் துருவிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "விடு. உன்னால முடிஞ்சத செஞ்ச. அந்த இரும்புப் பல்லையே போட்டுக்கறேன்" என்றார். முதலாளி, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு தடவைக்கு நாலு தடவை சொன்னார்.

துருவிக்கு அழுகை முட்டிக்கொண்டுதான் வந்தது. ஆனால் அவள் முதலில் செய்த காரியம், துண்டுகளை வாங்கிவந்து விளக்கைச் சாய்த்ததுதான். மறுபடியும் அதே விசிறி, அதே உள்பக்கம். ஆனால் கோடுகள் பிறந்த இடத்தில் புதிதாக ஒன்று தெரிந்தது: வரி வரியாக, ஒரே திசையில், சொரசொரப்பான உரசல் தடம். அவள் கையால் அப்படி ஒரு தடம் விழ வாய்ப்பே இல்லை.

அதைக் கணவரிடம் காட்டினாள். அவர் பூதக்கண்ணாடியில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இத யாரோ அறுத்திருக்காங்க. எங்க கடையில புதுப் பையன் யாரு வந்தாலும் முதல் பாடமே இதுதான். கதவுக் கண்ணாடிய சூடு வெக்கறதுக்கு முன்னாடி எப்படி வேணா வெட்டிக்கோ, ஓட்ட போட்டுக்கோ. வெச்சதுக்கப்புறம் தொடாத. நெருக்கிப் புடிச்ச தோலக் கீறிட்டா எல்லாம் போச்சு."

நெருக்கிப் பிடித்த தோல். அது எவ்வளவு மெல்லிசு என்று துருவி கம்பெனி ஆளிடம் விசாரித்தாள். தலைமுடி கனம் கூட வராது என்றார்.

மறுநாள் அவள் கிளினிக்கில் போய் உட்கார்ந்தாள். யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை என்பதை எப்படிச் சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் துண்டை நீட்டினாள். டாக்டரம்மா ஒரு பார்வை பார்த்ததுமே நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"நான்தான். உள்ள கொஞ்சம் டைட்டா இருந்துச்சு. உக்கார மாட்டேன்னுச்சு. பல் செதுக்கற பர் வெச்சு லேசா ஒரு இழுப்பு இழுத்தேன். எப்பவும் செய்யறதுதானே?"

"பசை பூசினத நானும் சீட்டுல எழுதி அனுப்பல டாக்டர். நீங்க சொல்லிக் குடுத்ததுதானேன்னு விட்டுட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கஷ்டப்பட்டு உட்காரவைத்த குண்டு ஆட்களை இன்னொருத்தி சீட்டோடு சேர்த்துச் சுரண்டி எறிந்திருக்கிறாள். முதலில் சிரித்தது டாக்டரம்மாதான்.

அன்றிலிருந்து அவர்களுக்குள் பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. கேப்பை முதலில் வாயில் வைத்துப் பார்த்து, சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்துவிட்டு, அதற்குப் பிறகு பசை பூசினால் என்ன என்று துருவி கேட்டாள். அது சரிதான், ஆனால் தன்னிடம் வேறொரு யோசனை இருக்கிறது என்றார் டாக்டரம்மா. பீங்கானின் உள்பக்கத்தை ஒரு காட்டமான அமிலத்தால் லேசாக அரித்துவிட்டால் தேன்கூடு மாதிரி குழி குழியாகிவிடும். அந்தக் குழிகளுக்குள் பிசின் புகுந்து பிடித்துக்கொள்ளும். பல்லும் பீங்கானும் ஒட்டி ஒன்றாகிவிட்டால், பீங்கான் தனியாக வளைய இடமே இருக்காது.

"அமிலம் அரிச்சா என் தோல் போயிடுமே டாக்டர்!" துருவி பதறிவிட்டாள். மாதக்கணக்கில் குச்சி உடைத்துக் கண்டது அது.

"போயிடும். ரெண்டுல ஒண்ணுதான்."

"எது உசத்தி?"

"புத்தகத்துல படிச்சிருக்கேன். கண்ணால பாத்ததில்ல."

பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று. டாக்டரம்மா நோயாளிகளுக்குப் பிடுங்கிய பற்கள் கிளினிக்கில் ஒரு ஜாடித் தண்ணீரில் கிடந்தன. அவற்றைச் செதுக்கிக் கொடுத்தார். துருவி எல்லாவற்றுக்கும் ஒரே பொடியில் ஒரே மாதிரி கேப் செய்தாள். பாதியைப் பசை பூசிச் சாதாரண சிமென்ட்டால் பொருத்தினார்கள். மீதியை அமிலத்தால் அரித்துப் பிசின் வைத்து ஒட்டினார்கள். உடைப்பதற்குக் கணவர் கடையில், கைப்பிடியைத் திருகி இறுக்குகிற இரும்புப் பிடிப்பான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு விடுமுறை. உடைந்த கண்ணாடிகளுக்கு நடுவே பல் டாக்டர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காட்சியைத் தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். விஷயம் கேள்விப்பட்டு நாத்தனாரும் வந்துவிட்டார். வாயில் தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் கேப்.

"என் பல்ல வெச்சு எல்லாரும் விளையாடறீங்க. நான் வேடிக்கை பாக்கக் கூடாதா?"

பிடிப்பானின் கைப்பிடியைக் கணவர் திருக, பசை பூசிய கேப் ஒன்று கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்து, பிறகு சில்லுச் சில்லாகத் தெறித்தது. பிசின் வைத்து ஒட்டிய கேப்புக்குக் கைப்பிடியை இன்னும் சுற்ற வேண்டியிருந்தது. சுற்றினார். இன்னும் சுற்றினார். முகம் சிவந்துவிட்டது. கடைசியில் "மடக்" என்று உடைந்தது கேப் இல்லை. அடியில் இருந்த பல். கேப் அதன் ஒரு பாதியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

துருவியின் பசை தோற்றுவிட்டது. அடுத்த கணமே அந்தத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். "விடவே இல்லையே! எப்படிப் புடிச்சிருக்கு பாருங்க!" என்றாள்.

"ஒரு தடவ ஆச்சுன்னா போதுமா? இன்னொண்ணு வைங்க. நீங்க வேகமா சுத்தினீங்க" என்று டாக்டரம்மா ஆரம்பிக்க, "நான் எங்க வேகமா சுத்தினேன்?" என்று கணவர் எகிற, இருவரும் மாறி மாறிக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார்கள். பொறுக்க முடியாமல் நாத்தனார் விசிலை வாயில் வைத்து ஒரு ஊது ஊதினார். சுவரில் சாய்ந்திருந்த கண்ணாடிகள் கிர்ரென்றன. எல்லோரும் அடங்கினார்கள்.

டாக்டரம்மா மட்டும் நாத்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தார். விசில் இன்னும் வாயில்தான் இருந்தது. கை பிடிக்கவில்லை. முன்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ந்து அதைக் கவ்விக்கொண்டிருந்தன.

"டீச்சர், அப்படியே இருங்க. அத எப்பவும் இப்படித்தான் வெச்சுப்பீங்களா?"

"பின்ன? ரெண்டு கையும் வேணாமா, சைகை காட்ட?"

"வாயைத் திறங்க."

பிளாஸ்டிக் கேப்பின் நுனியில், விசிலின் உதட்டு அளவுக்கு அச்சடித்த மாதிரி ஒரு பள்ளம். அதைப் போட்டு இன்னும் இரண்டு வாரம் கூட ஆகவில்லை.

"கெட்டியா எதுவும் கடிக்கிறதில்லன்னு என்கிட்ட சத்தியம் பண்ணீங்களே!"

"விசில யாராவது சாப்பாட்டுக் கணக்குல சேப்பாங்களா டாக்டர்?" என்றார் நாத்தனார், துளியும் அசராமல்.

மூன்றாவது கேப்புக்கு வெறும் பீங்கான் பொடி வேண்டாம் என்று துருவியும் டாக்டரம்மாவும் சேர்ந்தே முடிவு செய்தார்கள். கண்ணாடிக்குள் ஊசி ஊசியாகப் படிகங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் ஒரு வகைப் பீங்கான் சந்தைக்கு வந்திருந்தது. விரிசல் ஒன்று உள்ளே புகுந்தாலும் நேராக ஓட முடியாது. ஒவ்வொரு ஊசியையும் சுற்றிச் சுற்றிப் போவதற்குள் அதன் வேகம் அடங்கிவிடும். அதைப் பற்றி முதலாளியிடம் மூன்று நாள் நச்சரித்து ஒரு கட்டி வாங்க வைத்தாள் துருவி. கட்டியை உருக்கி அச்சுக்குள் அழுத்தி எடுத்து, மேலே மட்டும் மெல்லிசாக நிறம் கொடுத்தாள். உள்மூலைகளைக் கூர்மையாக விடாமல் உருட்டிவிட்டாள். வாயில் வைத்துப் பார்க்கும்போது கூடவே போய் நின்றாள். உரச வேண்டியிருந்த ஒரே இடத்தை, கேப்பை வெளியே எடுத்து, தண்ணீர் விட்டு, மெல்லிய கல்லால் அவளே உரசிக் கொடுத்தாள். அதன்பிறகுதான் அமிலமும் பிசினும்.

விசில் விஷயத்தில் பெரிய சமாதானப் பேச்சு நடந்தது. கையில் பிடித்து ஊதுங்கள் என்றால், டீச்சர் மாட்டேன் என்றார். கடைசியில் வாய் வைக்கும் இடத்தில் ரப்பர் உறை போட்ட பிளாஸ்டிக் விசிலுக்கு ஒத்துக்கொண்டார். "பொம்மக் கடை விசில் மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தாலும், சத்தம் குறையவில்லை என்று தெரிந்ததும் சும்மா இருந்துவிட்டார்.

அந்தக் கேப் நின்றது. வருஷங்கள் ஓடின, இன்னும் நிற்கிறது. வேறு கிளினிக்குகளிலிருந்தும் இப்போது உடைந்த துண்டுகள் சின்னச் சின்னப் பொட்டலங்களில் துருவிக்கு வருகின்றன. வாரத்தில் ஒருநாள் காலை அவள் லேபில் இருப்பதில்லை. டாக்டரம்மாவின் கிளினிக்கில், நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். முதலாளி ஆரம்பத்தில் முகம் சுளித்தார். திரும்பி வரும் கேப்புகள் குறைந்ததைப் பார்த்ததும் அவரே, "இன்னிக்கு நீ போகலியா?" என்று ஞாபகப்படுத்தத் தொடங்கினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்த வேளையில் நாத்தனார் வந்து, "மேல் பல்லு ஜம்முனு இருக்கு. கீழ தண்ணி பட்டா கூசுதே" என்றார்.

துருவி அவரைக் கையோடு கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். நாற்காலியைச் சாய்த்து, விளக்கை இழுத்து, அவளும் டாக்டரம்மாவும் இரு பக்கமும் குனிந்தார்கள். கீழ்ப்பல்லின் நுனி தேய்ந்திருந்தது. கேப்பின் பின்பக்கத்தில், கடி சரியாக விழவேண்டுமென்று டாக்டரம்மா எப்போதோ லேசாக உரசிவிட்ட இடம் மெருகு போய் மங்கலாக இருந்தது. துருவி நகத்தால் தடவிப் பார்த்தாள். உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. மேலே இருப்பது உடையாத பல். அதனால் கீழே இருப்பதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

"மெருகு குடுத்தா தேய்க்கறது நிக்குமா டாக்டர்? இல்ல மறுபடி உலையில வெச்சு பளபளப்பு ஏத்தணுமா?"

"ஒட்டினத எப்படி எடுக்கறது? வாயிலயே மெருகு குடுப்போம். ரப்பர் சக்கரம் இருக்கு, முதல்ல முரடு, அப்புறம் நைசு."

"முரட்டுல ஆரம்பிச்சா புதுக் கீறல் விழாதா?"

"விழும். நைசு அத எடுத்துடும். எடுக்குதான்னு பாக்கணும். உங்க பூதக்கண்ணாடி எங்க?"

வாயை ஆவென்று திறந்தபடி நடுவில் படுத்திருந்த விசில் டீச்சர் ஏதோ சொல்லப் பார்த்தார். "ஆ... ங்... கா..." என்று மட்டும் வந்தது. துருவி அவர் தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் அசையாம இருங்க அண்ணி, இப்பதான் நல்லாத் தெரியுது" என்றாள். மெருகு ஏறி, விளக்கின் வெளிச்சம் பீங்கானில் வழுக்கிப் போகும் வரை டீச்சருக்கு ஒரு வார்த்தை பேச வாய்க்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அத்தனைக்கும் சேர்த்துப் பேசினார்.